எண்ணாமல் எழுதிய இருபது

எட்டாவது வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் வீட்டில் அனுப்பவில்லை. பீங்கான் பட்டறையில் பேக்கிங் வேலைக்குப் போனேன்.

விருத்தாசலத்தில் அப்போது வேலை என்றால் செராமிக்தான். சூளைக்கும் மண்ணுக்கும் ஆம்பளைகள். பேக்கிங்குக்குப் பொம்பளைகள். நான் கட்டியது கரண்டு ப்யூஸ் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான். ஐந்தைச் சேர்த்து வைக்கோல் புரியால் ஒரு கட்டு. நாலு கட்டு ஓர் அடுக்கு. நாலாவது கட்டில் மட்டும் ஒன்று கூட வைக்க வேண்டும். ஒடசலுக்கு ஒன்று. லாரியில் போகும்போது ஒன்று உடைந்தாலும் வாங்குகிறவனுக்கு இருபது போய்ச் சேர வேண்டும். மூன்று வருஷம் கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். ஐந்து, ஐந்து, ஐந்து, ஆறு. கை தானாகப் போகும்.

ஒருநாள் பட்டறையில் ஓர் ஆளின் விரல் அச்சில் மாட்டிக்கொண்டது. ஊரில் சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் பார்க்க வந்தார். விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

“இந்தப் பொண்ணு கை இன்னா வேகமா போவுது” என்றார்.

அப்பா சூளையில் இருந்தார். கூப்பிட்டுப் பேசினார்கள். டாக்டர் தன் தியேட்டருக்கு மூன்று பெண்களை எடுத்துப் பழக்கப் போகிறார். ஆபரேஷன் அறையைத் தியேட்டர் என்பார்கள். இரண்டு வருஷம் பழக வேண்டும். முடித்தால் டாக்டர் கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் தருவார். அதை வைத்துக்கொண்டு சேலம், மெட்ராஸ் எங்கே வேண்டுமானாலும் தியேட்டர் வேலைக்குப் போகலாம். அப்பாவுக்கு அந்தக் காகிதம் பெரிதாகத் தெரிந்தது. எனக்கும்தான். எனக்கு வயது பதினேழு.

எங்களைப் பழக்க வேண்டியவர் தியேட்டர் சிஸ்டர். நாற்பது வயது இருக்கும். வெளியூர். தனி ஆள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓர் அறையில் இருந்தார். இங்கே அவர், இவர் என்று எழுதுகிறேன். மனசுக்குள் நான் அப்படிச் சொல்லிக்கொண்டது இல்லை.

முதல் நாள் மூன்று பேரையும் சுவரோரம் நிறுத்தினார். ஆளுக்கொரு மூக்குத்துணி கொடுத்தார்.

“இது எதுக்குத் தெரியுமா? கிருமிக்கு இல்ல. உங்க வாய்க்கு. உள்ள வந்தா வாயி இருக்குதுன்னே மறந்துடணும்.”

அதுதான் எங்களுக்குப் பாடம். வேறு பாடம் கிடையாது. ஒரு சாமானைக் காட்டி இதன் பேர் என்ன என்று கேட்டால், அந்தச் சாமானாலேயே விரல் முட்டியில் விழும். இரும்புச் சாமான். குளிர்காலத்தில் ரொம்ப வலிக்கும். பேர்களை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஈதர் கொடுத்து நோயாளியை மயங்க வைக்கிற கம்பவுண்டர். அவரும் சிஸ்டர் வெளியே போனால்தான் சொல்வார். அவருக்கும் பயம்.

ஒருத்தரை ஒருத்தர் மாட்டிவிடவும் சிஸ்டர் பழக்கினார். பாட்டில் உடைந்தால் மூன்று பேரையும் கூப்பிடுவார். “யாருன்னு சொல்றவளுக்கு இன்னிக்கு டாக்டர் பக்கத்துல நிக்கற வேலை.” சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதத்தில் மூன்று பேரும் ஒரே தட்டில் சோறு வைத்தாலும் பேசிக்கொள்ள மாட்டோம் என்று ஆகிவிட்டது.

எங்கள் பெரிய வேலை துணி. கையகலத்துக்கு நாலு மடிப்பு மடித்துத் தைத்த துணி. ஒரு மூலையில் நாடா. மாப் என்பார்கள். வயிற்றைத் திறந்தால் ரத்தத்தை ஒற்றவும் குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் அதுதான். ரத்தத்தில் நனைந்தால் துணி எது, சதை எது என்று தெரியாது. அதனால்தான் கணக்கு. உள்ளே எத்தனை போனதோ அத்தனை வெளியே வர வேண்டும். அந்தக் காலத்தில் அதைத் தூக்கிப் போட மாட்டோம். துவைத்து, கொதிக்க வைத்து, காயப்போட்டு, ஐந்து ஐந்தாகக் கட்டி, டிரம்மில் வைத்து ஆவியில் அவிப்போம்.

இரண்டாவது வாரம் நான் கட்டிய கட்டுகளைச் சிஸ்டர் பிரித்துப் பார்த்தார். நாலாவது கட்டில் ஆறு இருந்தது.

“இது இன்னாடி?”

சொன்னேன். பேக்கிங்கில் அப்படித்தான், ஒடசலுக்கு ஒன்று.

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கம்பவுண்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். டாக்டரிடம் சொன்னார். “துணி ஒடையுமாம் டாக்டர், அதுக்கு ஒண்ணு கூட வச்சிருக்குது.” அன்றிலிருந்து எனக்கு ஒடசலு என்று பேர். “ஏ ஒடசலு, பேசின் எடு.” “ஒடசல வரச்சொல்லு.” வார்டு ஆயாகூட அப்படித்தான் கூப்பிட்டாள். நோயாளிகள் அதையே என் சொந்தப் பேர் என்று நினைத்தார்கள்.

நான் கையைத் திருத்திக்கொண்டேன். ஒவ்வொரு கட்டையும் கட்டியபின் மறுபடி எண்ணினேன்.

டாக்டர் வயிற்றை மூடுவதற்கு முன்னால் “கணக்கு சரியா?” என்று கேட்பார். அதற்கு ஒரு முறை இருந்தது. தொடங்கும்போது ஒவ்வொரு கட்டையும் பிரித்துச் சிஸ்டரும் நாங்களும் சேர்ந்து எண்ண வேண்டும். எண்ணிச் சுவரில் இருக்கிற பலகையில் சாக்குக்கட்டியால் எழுத வேண்டும். முடியும்போது நனைந்த துணிகளை ரப்பர் விரிப்பில் வரிசையாகப் போட்டு மறுபடி எண்ண வேண்டும். டாக்டர் எங்களுக்குச் சொன்னது அது. நடந்தது வேறு. டாக்டர் கேட்பார். சிஸ்டர் எங்களைப் பார்ப்பார். நாங்கள் “சரி டாக்டர்” என்போம்.

எங்களில் ஒருத்தி ஆரம்பத்தில் ஒருதரம் கேட்டாள்.

“சரியில்லன்னா இன்னா சொல்லணும் சிஸ்டர்?”

“என் தியேட்டர்ல சரியில்லாம போவாது.”

அவ்வளவுதான் பேச்சு.

பத்தாவது மாதம் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். முப்பது வயது. வயிற்றில் கட்டி. இரண்டு பிள்ளைகள். அன்றைக்குக் காலையில் ஏற்கனவே இரண்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. டிரம்மில் துணி இல்லை. காய்ந்ததும் காயாததுமாக நான் அவசரத்தில் கட்டினேன். சிஸ்டர் வாசலில் நின்று “ஆவட்டும், ஆவட்டும்” என்று கத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு மறுபடி எண்ணவில்லை.

டிரம் அவிந்து வந்தது. சிஸ்டர் நாலு கட்டை வெளியே எடுத்தார்.

“பிரிச்சி எண்ணலாமா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

கேட்டேன். இதை யாரிடமும் சத்தியம் செய்து சொல்வேன்.

“நாலு கட்டு, அஞ்சி அஞ்சி இருவது. இதுக்குக் கூடவா உனக்குக் கணக்கு வராது? எழுது ஒடசலு.”

பலகையில் இருபது என்று எழுதினேன். என் கையெழுத்து.

கடைசியில் ரப்பர் விரிப்பில் போட்டு எண்ணினேன். இருபது. டாக்டர் கேட்டார். சரி டாக்டர் என்றேன். வயிற்றை மூடினார்கள்.

பன்னிரண்டு நாளாகியும் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் விடவில்லை. தையல் வாயிலிருந்து சீழ் வந்தது. நாற்றம். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்து திறந்தார்கள். டாக்டர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். வந்தது. நாடாவோடு வந்தது. கம்பவுண்டர் மட்டும் “ஆண்டவனே” என்றார்.

பிழைத்துக்கொண்டாள். மூன்று மாதம் கிடந்து பிழைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கண் சிஸ்டர் மேல் இருந்தது.

“துணி கட்டுனது யாரு?”

“இவதான் டாக்டர்.”

“எண்ணுனது?”

சிஸ்டர் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. “இவதான் டாக்டர். நான் எண்ணணும்னு சொன்னேன், எண்ணிட்டேன்னு சொல்லி எழுதிட்டா. பலகையில இவ கையெழுத்துதான்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை.

“உங்கப்பன் மூஞ்சிக்காக வேலைய விட்டு அனுப்பல. இனிமே தியேட்டர் பக்கம் வராத. துணி தொவை. காகிதம் கீகிதம்னு எங்கிட்ட வந்து நிக்காத.”

வெளியே வந்தோம். தாழ்வாரத்தில் சிஸ்டர் என்னைத் தாண்டிப் போனார். மற்ற இரண்டு பெண்களும் கீழே பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குத் தியேட்டரில் இருந்தார்கள். எழுது ஒடசலு என்று சொன்னதைக் கேட்டார்கள்.

பின்பக்கத் தொட்டியில் துவைத்தேன். பதினெட்டு மாதம்.

முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துவைத்துக் காய்ந்த துணியைக் கட்டும்போது கையைப் பார்த்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து. நாலாவது கட்டில் ஐந்து வைத்த பிறகும் கை இன்னொன்றைத் தேடிப் போனது. அவசரத்தில் அன்றைக்கும் போயிருக்கும். இருபத்தொன்று உள்ளே போயிருக்கிறது. இருபது வெளியே வந்திருக்கிறது. பலகையும் விரிப்பும் ஒத்துப்போனது. வயிற்றுக்குள் ஒன்று இருந்தது.

ஆறாவது துணியை வைத்தது நான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கை அப்படிப் போகும் என்று சிஸ்டருக்குத் தெரியும். அதை வைத்துத்தான் எனக்குப் பேரே வைத்தார். தெரிந்தும் பிரிக்கவில்லை. பிரிக்கலாமா என்று கேட்ட வாயை மூடினார். பிறகு நான் எண்ணியதாகச் சொன்னார்.

நான் அவரை மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

அந்தப் பெண் வார்டில் கிடந்த மூன்று மாதமும் அவளுடைய நாத்தனார் வெந்நீர் எடுக்கத் தொட்டிப் பக்கம் வருவாள். சிஸ்டர் அவர்களிடமும் என்னைக் காட்டியிருந்தார். நாத்தனார் குடத்தை வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்.

“பாத்து எண்ணித் தொவைம்மா. ஒண்ணு கொறஞ்சா எங்க அண்ணி வவுத்துல வந்து தேடு.”

சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் துவைத்தேன்.

வீட்டுக்குப் போகிற நாள் அந்தப் பெண்ணே நடந்து வந்தாள். ஒரு கை வயிற்றின் மேல். எலும்பும் தோலுமாக இருந்தாள். என் முன்னால் நின்றாள்.

“ஒன்னத் திட்டி எனக்கு இன்னா ஆவப்போவுது? நீ நல்லா இரு. ஆனா இனிமே ஒருத்தர் வவுத்துக்கிட்டயும் நீ நிக்காத.”

நாத்தனார் பேசியதெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை. இது உள்ளே போய்விட்டது.

அப்பா ஒருதரம் கேட்டார். “டாக்டர்கிட்ட நான் வந்து பேசட்டுமா?” வேண்டாம் என்றேன். “பின்ன எதுக்கு அங்கியே கெடக்கற? பட்டறைக்கு வந்துடேன்.” வரவில்லை என்றேன். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் அதிகம் பேசாதவர்.

நான் அங்கே கிடந்தது ஒன்றுக்காகத்தான். “அன்னிக்கி யாரும் எண்ணல, எழுதச் சொன்னது நான்தான்” என்று டாக்டர் முன்னால் சிஸ்டர் சொல்ல வேண்டும். அதற்காக எத்தனை வருஷம் ஆனாலும் துவைப்பேன் என்று இருந்தேன்.

மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி காகிதம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்னொருத்திக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாணம். புதிதாக எடுத்தவர்கள் சிஸ்டரிடம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. தியேட்டரில் ஆள் இல்லை. என்னைக் கூப்பிடலாம் என்று கம்பவுண்டர்தான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் தொட்டிக்கு ஆள் அனுப்பினார்.

“பேசின் எடுக்க, துணி எடுத்துப் போட மட்டும் வா. வேற எதையும் தொடாத.”

சரி என்றேன்.

உள்ளே போன மூன்றாம் நாள் பார்த்தேன். ஊசியில் நூல் கோக்கும்போது சிஸ்டர் என்னிடம் நீட்டினார். “கோத்துக் குடு.” முன்பெல்லாம் ஊசியைத் தொட விடமாட்டார். மறுநாள் மருந்துப் புட்டியை எடுத்து என்னிடம் காட்டி, “இது எதுன்னு படி பாப்போம், மறந்துட்டியா இன்னும் ஞாபகம் இருக்குதா” என்றார். சோதிக்கிற மாதிரி கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. சிஸ்டருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

சாமான்களை இடம் வைத்து, எடை வைத்துக் கண்டுபிடித்தார். இருபது வருஷப் பழக்கம். கை தப்பாது. ஆனால் விரிப்பில் கிடக்கிற நனைந்த துணியை எண்ண முடியாது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். நல்ல கண்ணுக்கே கஷ்டம்.

அதற்கு அவருக்கு நான் வேண்டியிருந்தது.

“எத்தினிம்மா?” என்று மெல்லக் கேட்பார். அம்மா என்று. நான் மெல்லச் சொல்வேன். “பதினஞ்சி சிஸ்டர்.” டாக்டர் கேட்கும்போது அவரே சத்தமாக “பதினஞ்சி, சரி டாக்டர்” என்பார். ஒடசலு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். காலையில் எனக்கு டீ வாங்கி வைத்தார். ஒருதரம் “நீ இல்லாங்காட்டி எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி” என்றார். தொட்டியைப் பற்றியும் அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு வருஷம் நான் ஒரு கணக்கும் தப்பாகச் சொல்லவில்லை. ஒன்று கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. கட்டுகளைப் பிரித்து எண்ணினேன். நானே எண்ணினேன். சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காத அளவுக்கு என்னை நம்பினார். அதற்குத்தான் ஒரு வருஷம். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சிஸ்டருக்குக் கண் தெரியவில்லை என்று. சொன்னால் யார் நம்புவார்கள்? வயிற்றுக்குள் துணி விட்டவள் சொல்கிறாள் என்பார்கள். எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

கடலூரிலிருந்து ஒரு டாக்டர் எங்கள் டாக்டரின் ஆபரேஷனைப் பார்க்க வந்திருந்தார். கூடப் படித்தவர். தன் ஆஸ்பத்திரியிலும் இந்த மாதிரி பெண்களைப் பழக்கப் போகிறாராம். எங்கள் டாக்டருக்கு அன்றைக்கு முகமெல்லாம் பெருமை.

“எங்க தியேட்டர்ல சிஸ்டர் வச்சதுதான் சட்டம். கணக்கு ஒரு நாளும் தப்பாது” என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “ஒரே ஒரு தடவ தப்புச்சி. அது வேற கதை” என்றார்.

நோயாளி ஒரு பிரைவேட் பஸ் கண்டக்டர். இரைப்பையில் ஓட்டை. டிக்கெட் கிழிக்கும்போதே சுருண்டு விழுந்தவர். வயிற்றைத் திறந்து, கழுவி, ஓட்டையை மூடி முடித்தார்கள். நான் ரப்பர் விரிப்பில் துணிகளைப் போட்டேன். ஐந்து ஐந்தாக நாலு வரிசை. இருபது. பலகையிலும் இருபது. காலையில் ஒவ்வொரு கட்டையும் பிரித்து எண்ணி நான் எழுதிய இருபது.

“எத்தினிம்மா?” என்று சிஸ்டர் மெல்லக் கேட்டார்.

நான் சொல்லவில்லை.

“எத்தினி?”

சொல்லவில்லை. சுவரைப் பார்த்து நின்றேன்.

“கணக்கு சரியா சிஸ்டர்?” டாக்டர் கையில் ஊசியோடு கேட்டார்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். மூக்குத்துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் என்னைத் தேடியது. நான் எங்கே நிற்கிறேன் என்றுகூட அதற்குச் சரியாகத் தெரியவில்லை.

“ஏய், சொல்லேன்டி.”

“அவள ஏன் கேக்கறீங்க? நீங்க எண்ணுங்க” என்றார் டாக்டர்.

சிஸ்டர் விரிப்புக்கு முன்னால் வந்து குனிந்தார். விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“பதினெட்டு.”

டாக்டர் ஊசியை வைத்துவிட்டு வயிற்றுக்குள் கையை விட்டுத் தேடினார். “இன்னொருதரம் எண்ணுங்க.”

“இருவத்தொண்ணு.”

“இன்னா சிஸ்டர், வெளயாடறீங்களா?”

“பிரஷர் எறங்குது டாக்டர்” என்றார் தலைமாட்டில் இருந்த கம்பவுண்டர்.

சுவரில் கடிகாரம் இருந்தது. நாலு நிமிஷம் ஆகியிருந்தது. இருபது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல்லவில்லை. கண்டக்டரின் கால் என் பக்கம் இருந்தது. வெளுத்த கால். பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

சிஸ்டர் மூன்றாவது தடவை எண்ண ஆரம்பித்து நடுவில் நிறுத்தினார். அழுகிறாரா என்று தெரியவில்லை. மூக்குத்துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

கடலூர் டாக்டர்தான் வந்தார். விரிப்பைப் பார்த்தார். “அஞ்சி, பத்து, பதினஞ்சி, இருவது. சரியாத்தானப்பா இருக்குது. வரிசையா வேற போட்டிருக்குது.”

எங்கள் டாக்டர் தட்டிலிருந்து ஓர் ஊசியை எடுத்துச் சிஸ்டர் முகத்துக்கு முன்னால் காட்டினார்.

“இதுல நூல் இருக்குதா, இல்லியா?”

“இருக்குது டாக்டர்.”

நூல் இல்லை.

வேறு ஊசி வாங்கி வயிற்றை மூடினார்கள். கண்டக்டர் பிழைத்தார். இரண்டு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். செத்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும்.

கை கழுவுகிற இடத்தில் சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறக்கவில்லை.

“சொல்லியிருக்கலாமேடி.”

“நீங்களும் சொல்லியிருக்கலாம் சிஸ்டர்.”

“எதை?”

எதை என்று கேட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரமே சிஸ்டரை அனுப்பிவிட்டார்கள். தம்பி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வாசல் படியில் சிஸ்டர் தடுமாறினார். வார்டு ஆயா ஓடிப் போய்ப் பிடித்தாள். நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, நன்றாகச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் நான் கேட்க நினைத்ததை அவர் சொல்லாமலேயே போனார். அது மட்டும் ஆறவில்லை.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார்.

“சிஸ்டருக்குக் கண்ணு தெரியலன்னு உனக்கு எப்பலருந்து தெரியும்?”

“ஒரு வருஷமா டாக்டர்.”

“அன்னிக்கி இருவதுன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“வவுத்தத் தொறந்து வச்சிக்கிட்டு நான் தேடறேன். நீ பாத்துக்கிட்டு நிக்கற.”

“ஆமாம் டாக்டர்.”

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்குக் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. என்னைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா இன்னா?”

“நீங்க என்னக் கேக்கலியே டாக்டர். அந்தத் துணி வந்த அன்னிக்கும் கேக்கல. சிஸ்டரக் கேட்டீங்க. அவங்க சொன்னாங்க. நீங்க எழுதிக்கிட்டீங்க.”

பேசியதில் இதுதான் நீளம். என் வாழ்நாளிலேயே ஒரு பெரிய மனுஷரிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை.

சாய்ந்திருந்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார். “அப்ப இப்ப கேக்கறேன். அன்னிக்கி எண்ணுனது யாரு?”

“யாரும் எண்ணல. பிரிக்கலாமான்னு நான் கேட்டேன். நாலு கட்டு இருவது எழுதுன்னாங்க. எழுதினேன்.”

“துணி எப்படி உள்ள போச்சி?”

இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. சிஸ்டரும் போய்விட்டார். எல்லாப் பழியும் அவரோடு போயிருக்கும். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் வேறொருத்தர் செய்ததை என் தலையில் போட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

“நாலாவது கட்டுல ஆறு வச்சிட்டேன் டாக்டர். பேக்கிங் பழக்கம். கை போயிடுச்சி.”

டாக்டர் மேசை டிராயரைத் திறந்தார். காகிதத்தை எடுத்தார். என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேசைமேல் தள்ளினார்.

“எடுத்துக்க. உன் வேலையில கொறை இல்ல. மெட்ராஸ் போ, எங்கியாச்சும் போ. என் தியேட்டர்ல நீ வேணாம்.”

“ஏன் டாக்டர்?”

“இன்னொரு நாளு யார் மேலயாச்சும் உனக்குக் கோவம் வரும்.”

காகிதத்தை எடுத்து மடித்தேன். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“நான் போவல டாக்டர். அடுத்த வாரம் நல்லூர்லருந்து ரெண்டு பொண்ணுங்க வருது பழக. யாரு பழக்குவா?”

அவர் மறுபடி போ என்று சொல்லவில்லை. நான் தியேட்டருக்குப் போய்க் கட்டுகளைப் பிரித்து எண்ணத் தொடங்கினேன்.

அந்த இரண்டு பெண்களுக்கும் முதல் நாளே ஒன்று சொன்னேன். சரி என்ற வார்த்தை இங்கே கிடையாது. எத்தனையோ அந்த எண்ணைச் சொல்லு. ஒவ்வொரு துணியையும் தொட்டுச் சொல்லு. நான் ஒன்று சொல்லி நீ வேறொன்று எண்ணியிருந்தால், நீ எண்ணியதைச் சொல்லு. நான் முறைத்தாலும் சொல்லு. ஒருத்தி பயந்துகொண்டே, “உங்களயே எதுத்தா திட்ட மாட்டீங்களாக்கா?” என்று கேட்டாள். “திட்டுவேன். அப்பவும் சொல்லு” என்றேன்.

டாக்டர் அப்புறம் இன்னும் எட்டு வருஷம் அந்தத் தியேட்டரில் வேலை பார்த்தார். நானும் இருந்தேன். ஒவ்வொரு ஆபரேஷனிலும் மூடுவதற்கு முன்னால் எண்ணைக் கேட்பார். பெண்கள் சொல்வார்கள். நான் சொல்வேன். மூன்று பேர் சொன்னதும் ஒன்றாக இருக்கும். அதற்குப் பிறகும் டாக்டர் மேசையை விட்டு விரிப்புக்கு வந்து, குனிந்து, ஒவ்வொன்றாக அவரே எண்ணுவார். கடைசித் துணி வரைக்கும். நான் பக்கத்தில் நிற்பேன். எண்ணி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மேசைக்குப் போவார்.